ஸ்டெயின்லெஸ் கத்தி துருப்பிடித்த கதை

ஆடிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தை என் கத்தியைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். "தம்பி, துருப்புடிக்கவே புடிக்காதுன்னு குடுத்தியே, அந்தக் கத்தி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பிரித்துப் பார்த்தேன். பிடிக்குப் பக்கத்தில் நாலைந்து செம்புள்ளிகள், விளிம்போரம் கடுகு சிதறினாற்போல இன்னும் சில. நகத்தால் சுரண்டினேன். மேல்துரு வந்துவிட்டது, அடியில் ஊசியால் குத்தினாற்போல ஒரு குழி தெரிந்தது.

அத்தை கடலூர் துறைமுகத்தில் மீன் வெட்டித் தருபவர். மீன் வாங்கியவர்கள் அவர் முன்னால் பையைக் கவிழ்ப்பார்கள். செதில் தட்டி, செவுள் பிடுங்கி, குடல் எடுத்து, துண்டு போட்டுக் கொடுப்பார். வஞ்சிரத்துக்கும் சுறாவுக்கும் அரிவாள்மனை, இறாலுக்கும் கணவாய்க்கும் கைக்கத்தி. அந்தக் கைக்கத்தி ஒரு காலையில் பார்க்கிற உப்பையும் ரத்தத்தையும் நம் வீட்டுக் கத்தி ஒரு வருஷத்திலும் பார்க்காது. என் கத்திகளைச் சோதிக்க அவரைவிட நல்ல ஆள் எனக்குக் கிடையாது. மனசில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார் என்பது இன்னொரு வசதி. சில நாள் அதுவே வசதிக்குறைவு.

நான் பிழைப்புக்குக் கத்தி செய்பவன் இல்லை. சிப்காட்டில் ஒரு ஆலையில் பராமரிப்பு வேலை. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு உலை, ஒரு ரயில் தண்டவாளத் துண்டு, ஒரு பெல்ட் கிரைண்டர். சமையல் கத்தி மட்டும்தான் செய்கிறேன். வீச்சரிவாள் செய்து தருவியா என்று சிரித்துக்கொண்டே கேட்கும் தெருப் பையன்களுக்கு நானும் சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்லிவிடுவேன்.

தொடக்கத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் பட்டறை வைத்திருந்த ஓர் ஆசாரி. அவருக்கு உலகத்தில் ஒரே உருக்குதான்: லாரியின் ஸ்பிரிங் பட்டை. அதைக் காய்ச்சி, அடித்து நீட்டி, கோவைப்பழ நிறம் வந்ததும் எண்ணெயில் தோய்த்து, அப்புறம் மேலே தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடி லேசாகச் சூடு காட்டுவார். இறுகிய உருக்கு நொறுங்காமலிருக்கக் கொடுக்கும் இந்த இரண்டாம் சூட்டைத்தான் டெம்பர் என்பார்கள். விளிம்பில் வைக்கோல் நிறம் ஓடிவரும். முதுகுப் பக்கம் மயில்கழுத்து நிறம் வந்ததும் எடுத்துவிடுவார். இதில் தெர்மாமீட்டருக்கு வேலையே இல்லை. சாதாரணக் கார்பன் உருக்கு 770 டிகிரியில் காந்தத்தை விட்டுவிடும். அதனால் என்னைப் போன்ற கண் பழகாதவன் உலைப் பக்கத்தில் ஒரு காந்தத்தைக் கம்பியில் தொங்கவிட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். காந்தம் ஒட்டாமல் போனதும் இன்னும் ஒரு மூச்சு சூடு கொடுத்துத் தோய்த்தால் போதும். ஆசாரி அந்தக் காந்தத்தைப் பார்த்து, "கொல்லன் பட்டறையில ஈக்கு என்ன வேலை?" என்பார். ஈ என்று என்னைச் சொன்னாரா, காந்தத்தைச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

அப்படிச் செய்த கத்திகள் நன்றாகவே வெட்டின. ஆனால் கடலூர்க் காற்றில் ஈரமும் உப்பும் சேர்ந்தே இருக்கிறது. ராத்திரி எலுமிச்சை அறுத்துவிட்டுக் கழுவாமல் வைத்தால் காலையில் கத்தி செம்மண் பூசிக்கொண்டிருக்கும். அத்தை தினமும் தேங்காய் எண்ணெய் தடவி வைத்துக்கொண்டார். "புள்ளைய விட இதுக்குத்தான் அதிகமா எண்ணெய் தேச்சி விட்டுருக்கேன்" என்று ஒருநாள் சொன்னார். சரி, வேறு உருக்கு பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

அடுத்து கைக்கு வந்தது ஓ.எச்.என்.எஸ். என்கிற உருக்கு. கடையில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் கிடைக்கும். வெளிநாட்டு வீடியோக்களில் ஓ1 என்று சொல்வது இதைத்தான். எண்ணெயில் தோய்த்தால் இறுகும், அளவு அதிகம் மாறாது என்பதுதான் அந்த நாலு எழுத்துகளின் சாரம். கார்பன் சுமார் 0.9 சதவீதம், மாங்கனீசு 1 சதவீதத்தை ஒட்டி, கொஞ்சம் குரோமியம், கொஞ்சம் டங்ஸ்டன். மாங்கனீசு இருப்பதால் உருக்கு நிதானமாகக் குளிர்ந்தாலும் இறுகிவிடும். தண்ணீரில் போட்டு 'டிங்' என்று விரிசல் விழும் சத்தத்தைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. 800 டிகிரிக்குக் காய்ச்சி, வெதுவெதுப்பான கடலை எண்ணெயில் இறக்கினால் கொட்டகை முழுக்க வடை வாசம் அடிக்கும். அப்புறம் வீட்டு அவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். ஆரம்பிப்பவர்களுக்கு என் பரிந்துரை இன்றும் இதுதான்.

மாங்கனீசு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் 1830களில் ஓர் இரும்பு ஆலை ஓடியது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்கிற கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர் வேலையை விட்டுவிட்டுத் தொடங்கியது. சேலம் பக்கத்துத் தாது, காட்டு விறகுக் கரி, கடலோரத்தில் ஊதுலை. ஆலை பெரிதாக நிலைக்கவில்லை. ஆனால் அவர் இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு உருக்காலைகளுக்கு அதனால் செலவு பெருமளவு குறைந்தது. அவருக்குக் கிடைத்தது வருஷக்கணக்கான வழக்குதான். அது முடிவதற்குள் 1851இல் இறந்துபோனார். வெள்ளாற்று முகத்துவாரத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் ஞாபகம் வரும். என் ஓ.எச்.என்.எஸ். துண்டில் இருக்கும் ஒரு சதவீதத்தில் பரங்கிப்பேட்டையின் தோல்விக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

ஓ.எச்.என்.எஸ். கத்தி அருமையாக வெட்டியது. துரு மட்டும் அதே துரு.

அதற்குப் பிறகுதான் டி2 என்கிற உருக்கின் மேல் ஆசை பிடித்தது. நம் கடைகளில் எச்.சி.எச்.சி.ஆர். என்பார்கள், கார்பனும் அதிகம், குரோமியமும் அதிகம் என்று பொருள். கார்பன் 1.5, குரோமியம் 12 சதவீதம். அச்சு, பஞ்ச், டை என்று தகட்டைத் துளைக்கவும் வெட்டவும் உதவும் கருவிகள் செய்கிற உருக்கு. பன்னிரண்டு சதவீதக் குரோமியம் என்றதும் இது பாதி ஸ்டெயின்லெஸ் என்று கணக்குப் போட்டேன். பழைய இரும்புக் கடையில் டை செய்து கழித்த ஒரு தகடு கிடைத்தது. கொட்டாங்கச்சிக் கரியில் ஊதி, மஞ்சள் கண்டதும் எடுத்து அடித்தேன்.

லாரிப் பட்டை சம்மட்டிக்குக் களிமண் போல இடம் கொடுக்கும். இது கொடுக்கவில்லை. சூடு கொஞ்சம் குறைந்தாலே சம்மட்டியைத் திருப்பி எறிந்தது. அதனால் ஒருதடவை கூடுதலாகக் காய்ச்சினேன். அடித்த இடத்தில் ஒரு மூலை ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. இந்த உருக்கை அடிப்பதற்கு மேலேயும் கீழேயும் இடம் குறைவு. ஒரு நூறு டிகிரி இடைவெளிக்குள் நின்றுகொண்டு அடிக்க வேண்டும். எப்படியோ கத்தி வடிவத்துக்குக் கொண்டுவந்து மணலில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் அரத்தை வைத்துத் தேய்த்தால் 'கிறீச்' என்று வழுக்கிக்கொண்டு போனது. கண்ணாடியில் தேய்ப்பது போல. மேலே ஒரு கீறல்கூட இல்லை, அரத்தின் பல் மட்டும் மழுங்கியது. பிடிக்கு ஓட்டை போடப் போனால் டிரில் பிட்டின் நுனி நீலமாகி உருகி உட்கார்ந்துவிட்டது.

நான் தோய்க்கவே இல்லையே, எப்படி இறுகியது? டி2வுக்கு எண்ணெயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். காற்றே போதும். மணலில் வைத்ததுதான் அதற்குத் தோய்ச்சல். மறுபடி காய்ச்சிச் சாம்பலில் புதைத்து வைத்தேன். லாரிப் பட்டை அப்படி ஓர் இரவு கிடந்தால் பூப்போல இளகிவிடும். இது மறுநாளும் கண்ணாடியாகத்தான் இருந்தது. முறையாக இளக்க வேண்டுமென்றால் 850 டிகிரிக்குக் கொண்டுபோய் மணிக்குப் பத்து இருபது டிகிரி வீதம் இறக்க வேண்டும். கரி உலையில் அது நடக்காத காரியம். அன்றோடு இந்த ஜாதி உருக்குகளை அடிப்பதை விட்டுவிட்டேன். இளகிய தகடாகவே வாங்கி, வரைந்து, வெட்டி, கிரைண்டரில் தேய்த்து வடிவம் எடுப்பதுதான் வழி. ஆசாரியிடம் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடிக்காம செஞ்சா அது கத்தியா தம்பி, தகடுதானே?" என்றார். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது. சம்மட்டியின் தாளம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைக்குப் பழக நாளானது.

டி2வும் துருப்பிடித்தது, மெதுவாக. பன்னிரண்டு சதவீதம் இருந்தும் ஏன்? கல்யாணத்தில் பரிமாறப் பன்னிரண்டு பேர் வந்து, அவர்களில் ஐந்தாறு பேர் தாங்களே பந்தியில் உட்கார்ந்துவிட்டால் எப்படி? அதேதான். துருவைத் தடுக்க வேண்டிய குரோமியத்தில் பெரும்பங்கைக் கார்பன் பிடித்துக் கார்பைடு துகள்களாக்கிவிடுகிறது. மீதி இரும்பில் கரைந்து நிற்பதுதான் மேலே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் போட்டுக் காக்கிறது. தகட்டில் எவ்வளவு குரோமியம் என்பதைவிட, எவ்வளவு சும்மா இருக்கிறது என்பதுதான் விஷயம்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்ட தைரியத்தில் 440சி என்கிற ஸ்டெயின்லெஸ் உருக்கை வாங்கினேன். கார்பன் 1 சதவீதம், குரோமியம் 17. சென்னை பாரிமுனைப் பக்கத்து ஸ்டீல் கடையில் தகடாகக் கிடைத்தது. கடைக்காரர் நான் காந்தத்தை எடுத்ததும் பதறினார்: "சார், இது ஒட்டத்தான் செய்யும், டூப்ளிகேட்டுன்னு நெனைச்சிடாதீங்க!" பாத்திரக் கடையில் காந்தம் வைத்துப் பார்க்கும் நம் ஊர்ப் பழக்கம் அவருக்குத் தெரியும். நமக்கோ அது தலைகீழ். சாப்பாட்டுத் தட்டு செய்கிற 304 காந்தத்தில் ஒட்டாது, அதை என்ன காய்ச்சினாலும் தோய்த்தாலும் கத்தியாக இறுகவும் இறுகாது. இறுகக்கூடிய ஸ்டெயின்லெஸ் எல்லாம் ஒட்டும். ஒட்டுகிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன்.

440சியை இறுக்க 1040 டிகிரிக்குக் கொண்டுபோய்க் கால்மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நிறுத்த வேண்டும். என்னிடம் அப்போது அப்படிப்பட்ட உலை இல்லை. கத்தியை வடிவம் எடுத்து, வெப்பப் பதம் செய்து தருகிற ஓரிடத்தில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். ஒரு வாரத்தில் வந்தது. கூடவே ஒரு சீட்டு: கடினம் 58, உருக்கின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி கணக்கில். அரம் வழுக்கியது. தேய்த்து, மெருகேற்றி, பூவரசு மரத்தில் பிடி போட்டு அத்தையிடம் கொடுத்தேன். அதுதான் செய்தித்தாளில் சுற்றித் திரும்பி வந்த கத்தி.

கடையில் ஏமாற்றிவிட்டார்கள், இது 440சியே இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் டூல் ரூம், அதாவது அச்சும் டையும் செய்யும் பட்டறை, வைத்திருக்கும் நண்பரிடம் எடுத்துப் போனேன். அவர் கத்தியைப் பார்க்கவில்லை, சீட்டைப் பார்த்தார். "எத்தனை டிகிரியில டெம்பர் பண்ணாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. அங்கேயே போன் போட்டுக் கேட்டோம். ஒரு லாட் பஞ்ச்களோடு சேர்த்துப் போட்டதாகச் சொன்னார்கள். 520 டிகிரி.

நண்பர் தலையை ஆட்டினார். பஞ்சுக்கு அது சரி. அது வேலை செய்யும்போதே சூடாகும், அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். ஆனால் 440சியை 425இலிருந்து 560 வரையான சூட்டில் டெம்பர் செய்தால், 1040 டிகிரியில் பாடுபட்டு இரும்பில் கரைத்த குரோமியம் மறுபடி கார்பைடாகப் பிரிந்து வந்துவிடும். அந்தத் துகள்களைச் சுற்றியுள்ள இரும்பு குரோமியம் இல்லாமல் அநாதையாக நிற்கும். உப்பு அங்கேதான் குத்தும். கடினம் பெரிதாகக் குறையாததால் அரத்துக்கும் தெரியாது, சீட்டுக்கும் தெரியாது. தகடு அசல். துருப்பிடிக்காத குணத்தை உலையில் விட்டுவிட்டு வந்திருக்கிறது.

அவர்களைக் குறை சொல்லி என்ன? நான் எழுதிக் கொடுத்தது "58 வேண்டும்" என்று மட்டும். எந்த வழியாக 58க்கு வரவேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. ஆசாரியிடம் பழகிய பழக்கம்; அவரிடம் வழியைச் சொல்ல வேண்டியதில்லை, நிறம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். இந்த உருக்குகளில் முக்கியமானது எல்லாம் கண்ணுக்குத் தெரியாத நிமிஷங்களில் நடக்கிறது. 1020க்கும் 1060க்கும் நிற வித்தியாசம் எந்தக் கண்ணுக்கும் பிடிபடாது. காந்தம் எப்போதோ விட்டுவிட்டிருக்கும், அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

சொந்த உலை கட்ட நாலு மாதம் ஆனது. வெப்பம் கடத்தாத வெள்ளைச் செங்கல், சூடேற்றும் கான்தல் கம்பிச் சுருள், சூட்டை அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிள், சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு கண்ட்ரோலர். மூன்று கிலோவாட், ஏசி போடும் பிளக்கில் ஓடும். முதல் தடவை 980 டிகிரியில் கரண்ட் போனது. மனைவி மெழுகுவத்தியோடு வந்து எட்டிப் பார்த்து, "உங்க இட்லிப் பானை என்னாச்சு?" என்றாள். இப்போதெல்லாம் மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுகிறேன்.

அந்தச் சூட்டில் காற்று பட்டால் கத்தியின் மேல்தோலில் கார்பன் எரிந்து போய்விடும். அதனால் ஸ்டெயின்லெஸ் ஃபாயிலில் உறைபோல மடித்து, உள்ளே ஒரு துண்டுக் காகிதம் வைத்து மூடுகிறேன். காகிதம் எரிந்து உள்ளே மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். இதுவரை நான் செய்த எந்தக் கத்தியும் அந்த ஃபாயிலின் ஓரம் அளவுக்கு என் கையை அறுத்ததில்லை. நேரம் முடிந்ததும் உறையோடு எடுத்து, இரண்டு தடித்த அலுமினியப் பலகைகளுக்கு நடுவே வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். அலுமினியம் சூட்டை உறிஞ்சும், அழுத்தம் கத்தியைக் கோணாமல் காக்கும். எண்ணெய் கிடையாது, தீ கிடையாது, வடை வாசம் கிடையாது. 'ப்ஸ்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான்.

இன்னும் ஒரு படி உண்டு. அறை வெப்பத்துக்கு வந்த பிறகும் 440சிக்குள் கொஞ்சம் பகுதி உருமாறாமல் மெத்தென்று நின்றுவிடும். அதையும் மாற்ற சூனியத்துக்குக் கீழே குளிர்விக்க வேண்டும். துறைமுகத்தில் ஐஸுக்குப் பஞ்சமா என்று ஒரு கூடை உடைத்த ஐஸும் கல்லுப்பும் கொண்டுவந்து பார்த்தேன். உப்பும் ஐஸும் சேர்ந்தாலும் மைனஸ் 21க்குக் கீழே போகாது. மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவரின் கேனில் இருக்கிற திரவ நைட்ரஜன் மைனஸ் 196. எங்கள் தெருப் பக்கம் அவர் வண்டி போகும்போதெல்லாம் நான் பார்த்த பார்வையில் அவர் என்ன நினைத்திருப்பாரோ. கேட்கத் தைரியம் வரவில்லை. கடைசியில் புதுச்சேரி நண்பர் டிரை ஐஸ் ஏற்பாடு செய்து கொடுத்தார். ஸ்பிரிட்டில் போட்டால் மைனஸ் 78. ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல், கத்தியை அதில் ஒரு மணி நேரம் வைத்தேன். பிறகு 200 டிகிரியில் இரண்டு முறை டெம்பர். அவருடைய மீட்டரில் 60 காட்டியது.

ஸ்டெயின்லெஸ்ஸும் ஷெஃபீல்டில் பிறந்ததுதான். 1913இல் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய் அரிக்காமலிருக்க உருக்கு தேடியபோது காய்ச்சியது, குரோமியம் 12.8, கார்பன் 0.24. துரு பிடிக்கவில்லை, ஆனால் வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்த மனிதர் என்று ஊரில் கேலி செய்தார்களாம். வெட்டுகிற ஆனால் துருப்பிடிக்கிற ஸ்டெயின்லெஸ் செய்தவன் என்ற பெயர் துறைமுகத்தில் எனக்கு வந்துவிடக் கூடாதே என்ற கவலையோடுதான் இரண்டாவது கத்தியை அத்தையிடம் கொடுத்தேன்.

ஐந்து வாரம் சத்தமில்லை. நானும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு நாள் சங்கரா வாங்கப் போனபோது அவரே எடுத்துக் காட்டினார். ஒரு புள்ளி இல்லை. பிடி கறுத்திருந்தது, அலகு கொடுத்த நாள் போலவே இருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சிரிக்காத. கூர் போனா ஏற மாட்டேங்குது" என்றார். எப்படித் தீட்டுகிறீர்கள் என்று கேட்டேன். உட்கார்ந்திருந்த மேடையின் கருங்கல் விளிம்பைக் காட்டினார். அந்த விளிம்பு நடுவில் குழிந்து வழவழவென்று இருந்தது. அத்தனை வருஷமும் அதில்தான் எல்லாக் கத்தியும் தீட்டியிருக்கிறார்.

நான் யோசிக்காத இடம் அது. 440சியில் உள்ள குரோமியம் கார்பைடு கருங்கல்லில் இருக்கும் எதையும்விடக் கடினமானது. கல்தான் தேயும். வீட்டில் வைத்திருக்கும் அலுமினியம் ஆக்சைடு கல்லைக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். "மீனு வெட்டுறதா, உன் கல்லப் பத்திரமாப் பாத்துக்கறதா?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சங்கராவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது ஏ.இ.பி-எல் என்கிற தகடு ஒன்று வரவழைத்திருக்கிறேன். சவர பிளேடுக்காக உண்டாக்கிய உருக்கு, கார்பன் 0.67, குரோமியம் 13. கார்பைடு குறைவு, இருப்பதும் மிகப் பொடி. கருங்கல்லிலும் கூர் ஏற வாய்ப்பு இருக்கிறது. டெம்பரையும் கொஞ்சம் ஏற்றி 58க்கு இறக்கலாம் என்று நினைக்கிறேன். அதிகம் ஏற்றினால் பழைய கதைதான் என்பதால் 230ஐத் தாண்டப் போவதில்லை. அத்தையின் கைக்கத்தி அளவைக் காகிதத்தில் வரைந்து வாங்கி வந்தாயிற்று. பிடி முன்பைவிடக் குண்டாக வேண்டுமாம், ஈரக்கையில் நழுவுகிறதாம். செவ்வாய்க்கிழமை எங்கள் பகுதியில் காலை ஒன்பது முதல் ஐந்து வரை மின்தடை. புதன்கிழமை உலையை ஏற்ற வேண்டும்.